விலை மலிந்த தேறல்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, பிடோக் நகர மையத்திலுள்ள பேரங்காடியில், மதுப்புட்டிகள் அடுக்கிய நிலைத்தட்டின் முன் நான் நின்றுகொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு புட்டியின் பின்புறச் சீட்டிலிருந்த பொடியெழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கூடையில் முருங்கைக்காய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை, அன்றைய தமிழ் முரசு ஆகியவை கிடந்தன. அவற்றின் அடியில் ஒரு புட்டி ஏற்கனவே ஒளிந்துகொண்டிருந்தது. ஒளிந்துகொண்டிருந்தது என்று சொல்வது பொய், நான்தான் ஒளித்திருந்தேன்.

"ஐயா! நீங்களா?"

திரும்பினேன். பழைய மாணவன். இருபதாண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்றவன். இப்போது தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தை அவன் வகுப்புக்கு நடத்தியவன் நான். பத்துக் குறளையும் பிழையின்றி ஒப்புவித்து என்னிடம் பாராட்டுப் பெற்றவன் அவன். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எத்தனையோ மாணவர்களைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். பிடிபடுவது எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவன் என் கையிலிருந்த புட்டியைப் பார்த்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ புருவத்தைச் சுருக்கி, "இது வேண்டாங்க ஐயா, நம்ம சாப்பாட்டுக்கு ஒத்து வராது. பக்கத்துல இருக்கறத எடுங்க. விலையும் அஞ்சு வெள்ளி கம்மி" என்றான். விடுதி ஒன்றில் பானப் பிரிவில் வேலை பார்க்கிறானாம். அன்று அந்த நிலைத்தட்டின் முன் அவன் கால்மணி நேரம் பாடம் நடத்தினான். நான் மாணவனாக நின்று கேட்டேன். அந்தச் சிறுமி என் கூடையிலிருந்த முருங்கைக்காயை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் ஏன் அங்கு நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

என் அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். நல்ல உழைப்பாளி, நல்ல குரல், காவடிச் சிந்து பாடினால் அண்டை வீட்டார் கதவைத் திறந்து வைத்துக் கேட்பார்கள். மாலையில் வேலை முடிந்ததும் அவர் கால்கள் தாமாகவே கள்ளுக்கடைக்கு நடக்கும். அந்நாளில் சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் அரசின் மேற்பார்வையில் நடந்தன. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய கள். காலையில் இனிப்பாக இருப்பது நண்பகலுக்குள் நுரைத்து, மாலைக்குள் புளித்து, மறுநாள் காடியாகிவிடும். அதனால் அன்றன்றைக்கு இறக்கியதை அன்றன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டும். அன்றாடக் குடி என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான பானம் வேறில்லை. நாள் தவறாமல் வந்தது. நாள் தவறாமல் குடித்தார்கள்.

பொழுது சாய்ந்தும் அப்பா வரவில்லையென்றால் அம்மா என்னை அனுப்புவார். எனக்கு ஏழு, எட்டு வயதிருக்கும். கடையின் வாசலுக்கு முன்பே அந்த நாற்றம் வந்து வரவேற்கும். உள்ளே தகரக் குவளைகள், வறுத்த கருவாடு, கடலைத் தோல். அப்பா என்னைக் கண்டதும் வெட்கப்பட மாட்டார், மகிழ்வார். தூக்கி மேசைமேல் உட்கார வைத்து, "என் மவன் வாத்தியாரா வருவான் பாரு" என்று அருகிலிருப்பவர்களிடம் சொல்வார். அந்த வாக்கு பலித்தது. நான் ஆசிரியனாகியதற்கு அடிப்படை எந்தக் கல்விக்கூடத்தில் போடப்பட்டது என்று யாரேனும் கேட்டால், உண்மையான விடையை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

எழுபதுகளின் இறுதியில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அப்போது நாங்கள் பிடோக்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தோம். அம்மா சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் நெய்விளக்கேற்றிவிட்டு வந்தார். கடை போயிற்று, குடியும் போகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பியது. கள்ளில் மதுச்சத்து நூற்றுக்கு நாலைந்து பங்குதான் இருக்கும். கடை மூடியபின் அப்பா பீருக்குப் போனார். பீர் விலை கட்டாதபோது சாம்சுக்குப் போனார். குடித்த அளவு குறைந்தது. குடித்ததன் வீரியம் பன்மடங்காயிற்று. வீட்டுக்குள் புட்டி வந்தது. கள்ளுக்கடையில் இருந்தவரை ஊரறியக் குடித்தவர், அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் சமையலறை மூலையில் சுவரைப் பார்த்துக் குடித்தார். பாட்டு நின்றது. பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் வரும் நாளில் அம்மா விடியுமுன் எழுந்து, புட்டிகளைத் துணிப்பையில் சுற்றி, ஒலியெழாமல் கீழே கொண்டுபோய்க் காத்திருப்பார். அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாது என்பது அவர் கவலை.

நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்த ஆண்டில் ஈரல் கெட்டு அப்பா இறந்தார். அன்றிரவு அம்மா என்னிடம் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததனாலேயே அது என்னைக் கட்டிப் போட்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் மது எதையும் நான் நாவில் வைத்ததில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. இந்த வட்டாரத் தமிழர் வரலாற்றில் கள் ஒரு தனி அத்தியாயம். 1932-இல் இங்கே தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் மதுவை எதிர்த்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது. எண்ணிப் பாருங்கள்: குடிப்பவர்களே கடையை மூடு என்று கேட்டார்கள். போருக்குப் பின் 1946, 1947-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் இதற்காகவே அணிவகுத்து, அடியும் பட்டார்கள். தோட்டத்துக் கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போயிற்று என்பதை அவர்கள் எந்தப் பொருளியல் நூலும் படிக்காமல் உணர்ந்திருந்தார்கள்.

ஆனால் நம் இலக்கியத்தில் மற்றொரு பக்கமும் இருக்கிறது. அதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் சற்று விரைந்து கடந்துவிடுவேன். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட அருமையிலிருந்தே தொடங்குகிறது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்திய நக்கீரரோ, யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் அருந்தி இனிது வாழ்க என்கிறார். அது புலவரின் கற்பனை மட்டுமன்று. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடற்கரையிலிருந்து மது ஏற்றிவந்த கூர்ங்குடங்களின் ஓடுகள் கிடைத்தன. ஆக, இறக்குமதித் திராட்சைமதுவுக்கும் தமிழனுக்கும் இரண்டாயிரம் ஆண்டு உறவு. வள்ளுவரும் அதே நிலத்தில்தான் இருந்தார். பத்துக் குறளில் வேறொன்றைச் சொன்னார். இருவரையும் ஒரே வாயால் பாடம் நடத்துவது தமிழாசிரியனின் தலைவிதி.

இனி மகனுக்கு வருகிறேன். அவன் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் நான்காண்டு படித்துவிட்டுத் திரும்பினான். படிப்புக்கிடையே ஓர் உணவகத்தில் பகுதிநேர வேலையும் பார்த்திருக்கிறான். அந்நகரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். வந்த முதல் வாரத்தில் ஒருநாள், இரவுச் சாப்பாட்டின்போது பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். அவனுக்கு அது குழம்புச் சட்டியைப் போல இயல்பான பொருள். கிண்ணமொன்றில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான், "அப்பா, கொஞ்சம் பார்க்கிறீங்களா?" என்றான்.

என் துணைவியார் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். எண்பத்துநான்கு வயதான அம்மா, தட்டிலிருந்த சோற்றைப் பாதியில் விட்டு, மேசையின் விளிம்பைப் பிடித்து எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல் தம் அறைக்குப் போனார். கதவு மெல்லச் சாத்தப்பட்டது. என் மகன் தாத்தாவைப் பார்த்ததில்லை. குடும்பத்தில் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. சுவரில் மாலையிட்ட படம் மட்டுமே அவனுக்குத் தாத்தா. அவன் செய்த குற்றம் என்னவென்று அவனுக்கே தெரியவில்லை.

அன்று நான் செய்ததை இன்று எண்ணினால் நாணுகிறேன். "இந்த வீட்டில் இது கூடாது" என்று தலைமையாசிரியனின் குரலில் சொன்னேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. புட்டியை எடுத்துக்கொண்டு போனான். பத்து நாள் கழித்து, அவன் அறையில் வேறெதையோ தேடப் போய், துணிப்பேழையின் அடியில் அதைக் கண்டேன். கால்பங்கு குறைந்திருந்தது. புட்டியைப் பார்த்த எனக்குச் சமையலறை மூலையும் சுவரும் நினைவுக்கு வந்தன. அப்பாவை மறைந்து குடிக்க வைத்தது அடுக்குமாடி வீடு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் மகனை மறைந்து குடிக்க வைத்தது நான்.

அன்றிரவு அவனை அழைத்துக்கொண்டு பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்தேன். முதன்முறையாகத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். கள்ளுக்கடை மேசை, காராங் குனிக்காரர், கடைசி மூன்று மாத மருத்துவமனை, எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் நடந்தவன், "ஏன்ப்பா இத்தனை நாளா சொல்லலே?" என்றான். அதற்கு என்னிடம் விடையில்லை. நடை முடியுமுன் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். குடிப்பதானால் மேசையில், எல்லாரும் பார்க்க, உணவோடு. வாரத்துக்கு ஒரு புட்டிக்கு மேல் இல்லை. அதை வாங்குவது நான். விலை 25 வெள்ளியைத் தாண்டக் கூடாது. அப்பாவின் குடியில் அம்மாவை மிகவும் வாட்டியது பணம் போனதுதான். ஆகவே பணத்தின் கடிவாளம் என் கையில் இருக்கட்டும் என்று எண்ணினேன். இப்படித்தான் திராட்சைமதுவைப் பற்றி ஒன்றுமறியாத ஒருவன், விலை மலிந்த நல்ல மதுவைத் தேடும் பொறுப்பை ஏற்றான்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே ஒரு பழைய மாணவர் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, மேலே தலைப்பிட்டுக் கணக்குப் போட்டேன்.

சிங்கப்பூரில் மதுவுக்கு வரி, புட்டியின் விலையைப் பொறுத்தன்று. அதிலுள்ள மதுச்சத்தின் அளவைப் பொறுத்தது. 2014-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் திராட்சைமதுவின் தீர்வை, மதுச்சத்து ஒரு லிட்டருக்கு 70 வெள்ளியிலிருந்து 88 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வழக்கமான புட்டி 750 மில்லிலிட்டர். நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு மதுச்சத்து உடைய புட்டியில் 97.5 மில்லிலிட்டர் மதுச்சத்து இருக்கும். அதற்குத் தீர்வை 8 வெள்ளி 58 காசு. அதன்மேல் பொருள் சேவை வரி. 2024 முதல் அது 9 விழுக்காடு. அரசனுக்குரிய புட்டியாயினும் ஆண்டிக்குரிய புட்டியாயினும் தீர்வை ஒன்றே.

இதன் விளைவு என்ன? கடையில் 15 வெள்ளிக்கு விற்கும் புட்டியில் இவ்விரு வரிகளையும் கழித்தால் மிஞ்சுவது 5 வெள்ளி சொச்சம். அந்த ஐந்து வெள்ளிக்குள் திராட்சை, கண்ணாடி, மூடி, கப்பல் கூலி, கடைக்காரர் இலாபம் எல்லாம் அடங்க வேண்டும். பானத்துக்கு என்ன மிஞ்சும்? 20 வெள்ளிப் புட்டியில் மிஞ்சுவது ஏறத்தாழ 9 வெள்ளி 80 காசு. 30 வெள்ளிப் புட்டியிலோ ஏறத்தாழ 19 வெள்ளி. விலை ஒன்றரை மடங்கு. மிஞ்சுவது இரு மடங்கு. ஆகவே இந்நாட்டில் மிக மலிந்த புட்டியை வாங்குபவர் பெரும்பாலும் வரியைத்தான் வாங்குகிறார். அதற்கு ஒரு படி மேலே, இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் தேடுவதே சிக்கனம். இதைக் கண்டுபிடித்த அன்று, மாணவன் கடினமான கணக்கை முடித்தபோது அடையும் பெருமிதம் எனக்கு. துணைவியார், "இந்தக் கணக்கைப் பார்த்தா உங்களுக்குக் குடிக்காமலே ஏறிடும் போல" என்றார்.

விமானப் பயணம் போய்வரும் உறவினரிடம் சொல்லியனுப்பலாமே என்று சிலர் கேட்டனர். மலேசியா தவிர்த்த பிற நாடுகளுக்குச் சென்று 48 மணி நேரமேனும் வெளியே இருந்துவிட்டுத் திரும்பும், பதினெட்டு வயது நிரம்பிய பயணி, இரண்டு லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். 2019 ஏப்ரலுக்கு முன் அது மூன்று லிட்டர். ஆனால் வாங்குவது தம் சொந்தத் துய்ப்புக்காக இருக்க வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியன் பிறர் பையில் புட்டி வரவழைப்பது முறையாகாது. அதை விட்டுவிட்டேன்.

இனி, சுவை. இங்குக் கணக்கு கைகொடுக்கவில்லை. புட்டிகளின் முகப்பில் கோட்டையும் கொடியும் குதிரையும். எல்லாம் உயர்ந்தவையே என்கின்றன. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தேர்வுத்தாள் திருத்தும்போது மாணவர் பெயரை மறைத்து எண் மட்டும் இடுவோமல்லவா? பெயரைக் கண்டால் கை தானாக மதிப்பெண்ணைக் கூட்டும் அல்லது குறைக்கும். அதுபோலவே, மகனின் நண்பர்கள் மூவர் விருந்துக்கு வந்த நாளில், 19 வெள்ளி, 26 வெள்ளி, 48 வெள்ளி விலையுள்ள மூன்று சிவப்பு மதுப்புட்டிகளைத் தமிழ் முரசுத் தாளில் சுற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டு வைத்தேன். மூன்றாவது புட்டி நண்பர்களில் ஒருவர் கொண்டுவந்தது. என் வரம்பை மீறியவன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நானும் முதன்முறையாக மூன்றிலும் ஒவ்வொரு மிடறு சுவைத்தேன். வானம் இடிந்து விழவில்லை. நாவில் துவர்ப்பு, நெல்லிக்காய்க்கும் மாதுளைத் தோலுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று. ஆளுக்கொரு தாளில் மதிப்பெண் இட்டோம். ஆட்டிறைச்சி வறுவலோடு சேர்த்துச் சுவைத்தபோது, 48 வெள்ளிப் புட்டி கடைசி இடத்துக்குப் போயிற்று; 19 வெள்ளிப் புட்டி முதலிடம் பெற்றது. கொண்டுவந்த இளைஞனின் முகம் வாடியதைக் காண எனக்கு வருத்தம். காரணத்தை என் மகன் விளக்கினான்: விலையுயர்ந்த சிவப்பு மதுக்கள் பலவற்றில் துவர்ப்புச் சத்து மிகுதி, மதுச்சத்தும் மிகுதி. மிளகாயின் எரிச்சலை இவ்விரண்டும் தூண்டிவிடும். நம் வீட்டுக் காரத்துக்கு அது பகை. வெறும் இறைச்சியோடு வைத்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம்.

பெயரை மறைத்தால் தீர்ப்பு மாறும் என்பது உலகறிந்த செய்தி. 1976-இல் பாரிஸ் நகரில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் இதேபோல் புட்டிகளை மறைத்துப் பிரெஞ்சு நடுவர்களைச் சுவைக்க வைத்தபோது, சிவப்பிலும் வெள்ளையிலும் கலிஃபோர்னிய மதுக்களே முதலிடம் பெற்றன. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மறைவுச் சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்து, விலையறியாத சாதாரண மக்கள் விலையுயர்ந்ததைக் கூடுதலாக விரும்பவில்லை, சற்றே குறைவாகத்தான் விரும்பினர் என்று கண்டது. ஏழைகளுக்கு இதைவிட ஆறுதலான ஆய்வு அரிது.

என் பழைய மாணவன் அன்று பேரங்காடியில் சொன்னதும் இதையொட்டியதே. காரமான, புளிப்பான நம் உணவுக்குச் சற்று இனிப்போடும் புளிப்போடும் கூடிய வெள்ளை மதுக்களே இசையும். ரீஸ்லிங் என்ற திராட்சை வகையைத் தேடுங்கள். தென்னாப்பிரிக்காவின் செனின் பிளாங்க்கையும் பாருங்கள். புகழ்பெற்ற ஊர்ப்பெயருக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும் என்றான். திருகுமூடியைக் கண்டு மட்டம் என்று எண்ணாதீர்கள் என்றும் சொன்னான். அடிலெய்டுக்கு வடக்கே கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் செய்வோர் பலர் 2000-ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, தக்கையை விட்டுத் திருகுமூடிக்கு மாறினார்களாம். தக்கை கெட்டு மதுவும் கெடுவதைத் தவிர்க்கவே அந்த மாற்றம். அதே மாநிலத்துக்காரர்தான் 1965-இல் அட்டைப்பெட்டிக்குள் பையில் மதுவை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற தாமஸ் ஆங்கோவ். பெட்டி மலிவுதான், ஆனால் அதில் எவ்வளவு குடித்தோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு அது ஆகாது என்று முடிவு செய்தேன்.

ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடியில் கிடைத்ததென்று இரண்டு புட்டிகளை வாங்கிச் சமையலறைச் சன்னலோரம் வைத்தேன். நம் ஊர் வெப்பம் பகலில் முப்பது பாகைக்கு மேல். மேற்குச் சூரியன் வேறு. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் வெந்த பழவாடை. மது குளிர்ந்த, இருண்ட இடத்தைக் கேட்கிறது. அடுக்குமாடி வீட்டில் நிலவறைக்கு எங்கே போவது? குளிர்பதனப் பெட்டியின் காய்கறி அறையே நிலவறை. திறந்த புட்டியையும் மூடி அங்கேயே வைத்தால் மூன்று நான்கு நாள் கெடாது. வேண்டியபோது வேண்டியதை வாங்குவதே நன்று. சேர்த்து வைப்பவன் பணக்காரனாக இருக்க வேண்டும், அல்லது குடிகாரனாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் நடந்தும் அம்மா சனிக்கிழமை இரவுகளில் எங்களுடன் உண்ணவில்லை. முன்னதாகவே இரசம் சாதம் உண்டு, அறைக்குப் போய்விடுவார். மகன் இரண்டு முறை, "பாட்டிக்காக நிறுத்திடுறேன்ப்பா" என்றான். நானும் அதுவே சரியென்று எண்ணிய வேளையில்தான் ஒன்று நிகழ்ந்தது.

மகன் ஒருநாள் இத்தாலியின் மொஸ்காட்டோ மது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான். அதில் மதுச்சத்து நூற்றுக்கு ஐந்தரைதான். பயிற்சிப் புத்தகத்தில் கணக்குப் போட்டேன்: தீர்வை 3 வெள்ளி 63 காசு, பதின்மூன்று பங்கு உள்ள புட்டியைவிட ஐந்து வெள்ளி குறைவு. காசுக்கும் உடலுக்கும் ஒருசேர இலாபம் என்று வாங்கினேன். திறந்தபோது அம்மா தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு வந்திருந்தார். மேசையைக் கடந்தவர் நின்றார்.

"என்ன வாசம் இது?"

யாரும் பேசவில்லை. அம்மா கிட்டே வந்து, கிண்ணத்தைத் தொடாமல், குனிந்து முகர்ந்தார்.

"பன்னீர் திராட்சை" என்றார்.

அம்மா கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர். 1964-இல் மணமாகி, ரஜுலா கப்பலில் இங்கு வந்து இறங்கியவர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் குலத்தைச் சேர்ந்தது, மொஸ்காட்டோவும் அக்குலமே. ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள இத்தாலியக் குன்றும் அம்மா பிறந்த ஊரும் ஒரே மணத்தில் கூடி நிற்பதை அவர் மூக்கு அரை நொடியில் கண்டுவிட்டது. பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பந்தலடியில் கூலிக்குக் குலை அறுத்தது, உதிர்ந்த பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து அடிபட்டது, இவற்றையெல்லாம் பேரனிடம் சொன்னார். நானே அறியாத கதைகள். இடையில் என்னைப் பார்த்து, "என்ன விலை?" என்றார். சொன்னேன். "ஒரு வாரத்துக்கா?" என்றார். ஆம் என்றேன். "உங்கப்பாவுக்கு ஒரு நாளுக்குப் பத்தாது" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமா, வேறெதுவுமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அவர் அதைச் சுவைக்கவில்லை. நாங்களும் சுவைக்கச் சொல்லவில்லை.

அன்றாடம் அருந்தத்தக்க மலிந்த மது எது என்று மாணவனிடம் கேட்டவன் நான். இப்போது அக்கேள்வியில் மதுவைவிட அன்றாடம் என்ற சொல்லே என்னை உறுத்துகிறது. மதுவைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் 1988-இலேயே சேர்த்துவிட்டார்கள். தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியது. ஒரு புட்டியில் ஏழரைச் சிறு கிண்ணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது மகனுக்கும் எனக்கும் அவ்வப்போது வரும் விருந்தினருக்கும் சனியும் ஞாயிறும் பகிரப்படுகிறது. என் பங்கு ஒரு கிண்ணம். சில வாரம் அதுவும் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை மேசையில் தண்ணீர்தான். விலை மலிந்ததைத் தேடிக் கண்டுபிடித்தபின், அதை அன்றாடமாக்காதிருப்பதே எனக்குக் கடினமான பாடமாக இருக்கிறது. மலிவு கையை நீட்டச் சொல்கிறது.

ஞாயிறு மாலைகளில் தேக்காவுக்குப் போகும்போது இன்னொன்றும் மனத்தில் ஓடும். 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பின், 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டப்படி, லிட்டில் இந்தியா வட்டாரத்தில் வார இறுதி முழுவதும் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அமைதி வேண்டியதே. ஆனால் புல்வெளியைத் தவிர வேறு வரவேற்பறை இல்லாத ஊழியரை அங்குக் காணும்போது, தகரக் குவளையோடு அமர்ந்திருந்த அப்பாவின் முகம் தெரிகிறது. என் மகன் மேசைவிரிப்பின்மேல் கிண்ணம் வைத்துச் சுவையைப் பற்றிப் பேசுகிறான். இடையில் ஒரு தலைமுறைதான் கடந்திருக்கிறது. கூடவே ஒரு வீடும், ஒரு பட்டமும்.

சென்ற வாரம் மீண்டும் அந்த மாணவனைக் கண்டேன், இம்முறை 85-ஆம் புளோக் உணவங்காடியில். "ஐயா, நான் சொன்னது எப்படி?" என்றான். எண்பது மதிப்பெண் என்றேன். "மீதி இருபது?" என்றான். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள் என்று அழைத்திருக்கிறேன். மகளையும் அழைத்து வரச் சொன்னேன்.

மொஸ்காட்டோவின் பச்சைநிறப் புட்டியை அன்று நான் வழக்கம்போல் கீழே மறுசுழற்சித் தொட்டியில் போட எடுத்தேன். அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சுடுநீர் ஊற்றி, அரிசி போட்டுக் குலுக்கி, மும்முறை கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். இப்போது அதில் நல்லெண்ணெய் இருக்கிறது. சமையலறைச் சன்னலோரத்தில், வருவோர் போவோர் எல்லாரும் பார்க்கும்படி நிற்கிறது.